நச்சுநிரல் தடுப்பி மென்பொருள்

நச்சுநிரல் தடுப்பி மென்பொருள் என்பது கணினிக்குத் தீங்கு விளைவிக்கும் நோக்குடன் எழுதப்பட்ட நிரல்களைக் கண்டறிந்து, தடுத்து, நீக்கும் மென்பொருள் ஆகும். பேச்சு வழக்கில் இது ஆண்ட்டிவைரஸ் எனப்படுகிறது. பெயர் வைரஸை மட்டுமே குறித்தாலும், இன்றைய தடுப்பிகள் எல்லா வகைத் தீநிரல்களையும் எதிர்கொள்ளும் வகையில் உருவாக்கப்படுகின்றன. இக்கட்டுரை வீட்டுக் கணினிக்கு ஏற்ற தடுப்பியைத் தேர்ந்தெடுக்கும் முறையை இந்தியச் சூழலை முன்வைத்து விளக்குகிறது.

தீநிரல் வகைகள்

• நச்சுநிரல்: பிற கோப்புகளிலோ வட்டின் தொடக்கப் பகுதியிலோ ஒட்டிக்கொண்டு பெருகுவது.
• புழு: பயனரின் உதவியின்றி வலையமைப்பு வழியே தானாகப் பரவுவது.
• டுரோஜன்: பயனுள்ள மென்பொருள் போல நடித்து உள்ளே நுழைவது.
• உளவு நிரல்: கடவுச்சொற்கள், விசைத் தட்டல்கள் முதலியவற்றைத் திருடி அனுப்புவது.
• பணயத் தீநிரல்: கோப்புகளை மறையாக்கம் செய்து, அவற்றை விடுவிக்கப் பணம் கேட்பது.

வரலாறு

ஐபிஎம் வகைத் தனியாள் கணினிகளில் பரவிய முதல் நச்சுநிரலாகக் கருதப்படும் பிரெய்ன், 1986ஆம் ஆண்டு பாகிஸ்தானின் லாகூரில் இரு சகோதரர்களால் எழுதப்பட்டது. 1990இல் இந்தியாவில் கண்டறியப்பட்ட ஜோஷி என்னும் நச்சுநிரல் ஆண்டுதோறும் சனவரி 5 அன்று கணினியை நிறுத்திவைத்து, ஜோஷிக்குப் பிறந்தநாள் வாழ்த்தைத் தட்டச்சு செய்யுமாறு கேட்கும். வாழ்த்தினால் கணினி மீண்டும் இயங்கும். அக்காலத்து நச்சுநிரல்கள் பலவும் இத்தகைய குறும்புகளாகவே இருந்தன. பணம் பறிப்பது முதன்மை நோக்கமானது பின்னர்தான்.

இந்தியாவில் தடுப்பிகளை உருவாக்கும் முயற்சியும் இதே காலத்தில் தொடங்கியது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட கே7 கம்ப்யூட்டிங் 1991இல் கேசவர்தனன் என்பவரால் நிறுவப்பட்டது. புனேயில் கைலாஷ் கட்கர், சஞ்சய் கட்கர் சகோதரர்கள் 1990களின் நடுவில் குவிக் ஹீல் தடுப்பியை வெளியிட்டனர்.

2000களில் இணைய இணைப்பு இல்லாத சிற்றூர்களுக்கும் தீநிரல்கள் பென் டிரைவ் வழியே வந்து சேர்ந்தன. செருகியவுடன் நிரலைத் தானே இயக்கும் விண்டோசின் வசதி இதற்குத் துணைபோனது. 2008 நவம்பரில் தோன்றிய கான்பிக்கர் புழு இவ்வழியையும் பயன்படுத்திக்கொண்டது. 2009இல் வெளியான விண்டோஸ் 7 பதிப்பில் பென் டிரைவ்களுக்கு இவ்வசதி நீக்கப்பட்டது.

2017 மே 12 அன்று பரவத் தொடங்கிய வான்னகிரை பணயத் தீநிரல் பல நாடுகளின் கணினிகளை முடக்கியது. அது நுழையப் பயன்படுத்திய ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் அதற்கு ஏறத்தாழ இரண்டு மாதங்களுக்கு முன்பே, மார்ச் மாதத்தில் வெளியிட்டிருந்தது. இற்றைப்படுத்தாத கணினிகளே பெரிதும் பாதிக்கப்பட்டன.

கூடங்குளம் நிகழ்வு

திருநெல்வேலி மாவட்டத்திலுள்ள கூடங்குளம் அணுமின் நிலையத்தின் கணினியொன்றில் தீநிரல் இருப்பது 2019 செப்டம்பரில் தெரியவந்தது. இந்தியக் கணினி அவசரநிலை எதிர்வினைக் குழுவான செர்ட்-இன், செப்டம்பர் 4 அன்று அதைக் கவனத்துக்குக் கொண்டுவந்தது. முதலில் செய்தி மறுக்கப்பட்டபோதிலும், அக்டோபர் 30 அன்று இந்திய அணுமின் கழகம் அதை உறுதிசெய்தது. பாதிக்கப்பட்டது நிர்வாகப் பணிகளுக்கான, இணையத்துடன் இணைந்த வலையமைப்பிலிருந்த கணினி என்றும், உலை சார்ந்த உள் வலையமைப்பு அதனின்று பிரிக்கப்பட்டது என்றும் கழகம் விளக்கியது. முக்கியமானவற்றைத் தனியே பிரித்துவைப்பதன் பயனை இது காட்டுகிறது. காப்பு நகலைக் கணினியுடன் நிலையாக இணைத்து வைக்காமல் தனியே வைக்கும் வழக்கம் வீட்டில் இதற்கு ஒப்பானது.

இயங்கும் முறை

தடுப்பிகள் பொதுவாகப் பின்வரும் முறைகளைச் சேர்த்துப் பயன்படுத்துகின்றன.

1. அடையாள ஒப்பீடு: அறியப்பட்ட தீநிரல்களின் அடையாளங்களைக் கொண்ட பட்டியலுடன் ஒவ்வொரு கோப்பையும் ஒப்பிடுதல். இது விரைவானது, ஆனால் பட்டியலில் இல்லாத புதிய தீநிரலைக் காணாது.
2. ஊகமுறை: தீநிரல்களுக்கே உரிய அமைப்புகள் கோப்பில் உள்ளனவா என ஆராய்தல்.
3. நடத்தைக் கண்காணிப்பு: இயங்கும் நிரலைக் கவனித்தல். ஒரு நிரல் குறுகிய நேரத்தில் நூற்றுக்கணக்கான ஆவணங்களை மறையாக்கம் செய்தால் அது நிறுத்தப்படும்.
4. வழங்கிவழிச் சோதனை: ஐயத்துக்குரிய கோப்பின் விவரத்தை நிறுவனத்தின் வழங்கிக்கு அனுப்பி முடிவு பெறுதல். இதற்கு இணைய இணைப்பு தேவை.

தடுப்பி விழிப்புடன் இருக்கிறதா எனச் சோதிக்க எய்கார் என்னும் சோதனைக் கோப்பு உள்ளது. 68 எழுத்துருக்களைக் கொண்ட இக்கோப்பு தீங்கற்றது. எனினும் தடுப்பிகள் இதைத் தீநிரலாகவே கருதி எச்சரிக்கும்.

தேர்வு அளவுகோல்கள்

இயங்குதளம்: 2012இல் வெளியான விண்டோஸ் 8 முதல், மைக்ரோசாப்டின் டிபெண்டர் தடுப்பி இயங்குதளத்துடனேயே வருகிறது. முறையாக இற்றைப்படுத்தப்படும் வீட்டுக் கணினிக்குப் பெரும்பாலும் இதுவே போதுமானது. வேறொரு தடுப்பியை நிறுவினால் டிபெண்டர் பொதுவாகத் தானே ஒதுங்கிக்கொள்ளும். இரு தடுப்பிகளை ஒரே நேரத்தில் நிகழ்நேரக் காவலில் வைத்தல் கூடாது. அவை ஒன்றையொன்று ஐயுற்றுக் கணினியை மந்தமாக்கும்.

ஆதரவுக் காலம்: விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 சனவரி 14 அன்றும், விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்றும் முடிவுற்றன. இயங்குதளத்தின் ஓட்டைகளைத் தடுப்பியால் அடைக்க இயலாது. புதிய விண்டோசைத் தாங்காத பழைய கணினிக்கு, ஆதரவிலுள்ள லினக்சு வழங்கல் ஒன்றை நிறுவுவது, கட்டணத் தடுப்பி வாங்குவதை விடச் சிறந்த வழியாக அமையலாம்.

சார்பற்ற சோதனைகள்: செருமனியின் ஏவி-டெஸ்ட், ஆசுத்திரியாவின் ஏவி-கம்பேரட்டிவ்ஸ் ஆகிய அமைப்புகள் தடுப்பிகளை ஒப்பிட்டு முடிவுகளை வெளியிடுகின்றன. கண்டறியும் விழுக்காட்டை மட்டும் பார்த்தல் போதாது. நல்ல கோப்பைத் தீநிரல் எனத் தவறாகக் கூறும் எண்ணிக்கை, கணினியின் வேகத்தைக் குறைக்கும் அளவு ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். ஒரு முறை முதலிடம் பெற்றதை விட, பல முறை தொடர்ந்து நல்ல மதிப்பெண் பெற்றதே நம்பத்தக்கது.

விலை: கட்டணத் தடுப்பிகளில் முதல் ஆண்டின் தள்ளுபடி விலையும் புதுப்பிப்பு விலையும் வேறுபடலாம். தானியங்கிப் புதுப்பிப்பு இயக்கத்தில் உள்ளதா என வாங்கும்போதே அறிதல் நன்று. திருட்டுப் படிகளும், உரிமத்தை உடைக்கும் கருவிகளும் தீநிரல்களின் வழக்கமான ஊர்திகள் ஆகும்.

தனியுரிமை: இலவசத் தடுப்பிக்கும் விலை உண்டு. அவாஸ்ட் நிறுவனம் பயனர்களின் உலாவல் தரவுகளைத் தன் துணை நிறுவனமான ஜம்ப்ஷாட் வழியே விற்றது வெளிவந்ததால், 2020 சனவரியில் அத்துணை நிறுவனம் மூடப்பட்டது. இதன் தொடர்பில் 2024இல் அமெரிக்க வணிக ஆணையம் 1.65 கோடி டாலர் செலுத்துமாறு அறிவித்தது. நிறுவும்போது தரவுப் பகிர்வு குறித்த தெரிவுகளைப் படித்து நீக்க வேண்டும்.

கிடைக்கும் இடம்: உரிய நிறுவனத்தின் தளத்திலிருந்து மட்டுமே தரவிறக்க வேண்டும். உலாவும்போது திடீரெனத் தோன்றி, கணினியில் பல நச்சுநிரல்கள் உள்ளதாக அச்சுறுத்தும் சாளரங்கள் பெரும்பாலும் போலித் தடுப்பிகளின் விளம்பரங்களே.

வரம்புகள்

தடுப்பி கணினியில் மிக உயர்ந்த உரிமைகளுடன் இயங்குவதால் அதன் பிழையும் பெரிதாகும். 2024 சூலை 19 அன்று, நிறுவனங்கள் பயன்படுத்தும் கிரவுட்ஸ்டிரைக் பாதுகாப்பு மென்பொருளின் பிழையான இற்றையால் ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. இந்தியத் தடுப்பியான இ-ஸ்கேனின் இற்றைகள் பாதுகாப்பற்ற இணைப்பில் அனுப்பப்பட்டதைப் பயன்படுத்தித் தீநிரல் பரப்பப்பட்டதை அவாஸ்ட் ஆய்வாளர்கள் 2024 ஏப்ரலில் வெளியிட்டனர். அக்குறை அதற்கு முன்பே சரிசெய்யப்பட்டிருந்தது.

மேலும், வங்கி அதிகாரி போலப் பேசுபவரிடம் பயனரே ஒருமுறைக் கடவுச்சொல்லைக் கூறினால் எந்தத் தடுப்பியாலும் பணத்தைக் காக்க இயலாது. பணயத் தீநிரலுக்கு எதிரான கடைசி அரண் தடுப்பி அன்று. கணினியிலிருந்து பிரித்துவைக்கப்பட்ட காப்பு நகலே. குடும்ப ஒளிப்படங்கள், சான்றிதழ்கள் போன்ற மீண்டும் பெற முடியாத கோப்புகளுக்கு இது இன்றியமையாதது.

பாதிக்கப்பட்டால்

1. கணினியின் இணைய இணைப்பையும், அதில் செருகியுள்ள வன்தட்டு, பென் டிரைவ் ஆகியவற்றையும் துண்டிக்கவும்.
2. மின்னஞ்சல், வங்கிக் கடவுச்சொற்களை வேறொரு தூய கணினியிலிருந்து மாற்றவும்.
3. இயங்குதளம் தொடங்கும் முன்பே சோதிக்கும் முறையில் முழுச் சோதனை செய்யவும். இந்திய அரசு 2017 பெப்ரவரியில் தொடங்கிய சைபர் சுவச்தா கேந்திரா தளம் இலவச நீக்கும் கருவிகளை வழங்குகிறது.
4. ஐயம் தீராவிடில் வட்டை அழித்து, இயங்குதளத்தை மீண்டும் நிறுவவும்.
5. பணயத் தீநிரலாயின், பணம் செலுத்தினாலும் கோப்புகள் திரும்பும் என்பதற்கு உறுதியில்லை. ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோல் முதலியோர் 2016இல் தொடங்கிய நோ மோர் ரான்சம் திட்டத்தில் சில வகைகளுக்கு இலவச விடுவிப்புக் கருவிகள் உள்ளன.
6. பணம் இழந்திருந்தால் தாமதமின்றி வங்கிக்கும், 1930 என்னும் இணையக் குற்ற உதவி எண்ணுக்கும் தெரிவிக்கவும்.

இவற்றையும் பார்க்க

• கணினி நச்சுநிரல்
• தீயரண்
• மறையாக்கம்
• கட்டற்ற மென்பொருள்