தள்ளாடி நடந்த பொறி

பயன் இன்னதென்று முன்கூட்டியே சொல்ல இயலாத ஆராய்ச்சிக்கு அரசாங்கம் மக்களுடைய வரிப்பணத்தைக் கொடுக்கலாமா? இக்கேள்விக்கு, ரோபோ எனப்படும் இயந்திர மனிதனின் வரலாறு தக்கதொரு விடை தருகிறது என்பது என் கருத்து. மாணவ நண்பர்களே, இரண்டு பொறிகளின் கதையைச் சொல்லுகிறேன்.

1966-ஆம் ஆண்டில், கலிபோர்னியாவிலுள்ள ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையத்தார் ஒரு பொறியை அமைக்கத் தொடங்கினர். பணம் உதவியது அமெரிக்கப் பாதுகாப்புத் துறையைச் சேர்ந்த 'ஆர்ப்பா' என்னும் அமைப்பு. அப்பொறிக்குக் கால்களாகச் சக்கரங்கள். கண்ணாக ஒரு தொலைக்காட்சிக் காமிரா. மூளையாக, வேறிடத்தில் இருந்த ஒரு பெரிய கணிப்பொறி. நகரும்போது ஆடியதால் 'ஷேக்கி' என்று பெயரிட்டனர். 'தள்ளாடி' என்று நாம் சொல்லலாம். சில அறைகளுக்குள் உலவிப் பெட்டிகளைத் தள்ளுவதே அதன் வேலை. ஆயினும், இட்ட கட்டளையைத் தானே பல படிகளாகப் பிரித்துத் திட்டமிட்டு முடித்தது. போர்க்களத்துக்கு இதனால் உடனடிப் பயன் உண்டா? இல்லை. 1972-இல் பண உதவி நின்றது, பொறியும் ஓய்ந்தது.

ஆனால் விளைவு ஓயவில்லை. தடைகளை விலக்கிக் குறுகிய வழியைக் காணும் முறையொன்றை அத்திட்டத்தைச் சேர்ந்த ஹார்ட், நில்சன், ரபேல் ஆகிய மூவர் 1968-இல் வெளியிட்டனர். 'ஏ-ஸ்டார்' என்னும் அம்முறையும் அதன் வழிவந்தவையும் இன்று வழிதேடும் மென்பொருள்களிலும் கணினி விளையாட்டுகளிலும் வழங்குகின்றன.

இனி இரண்டாவது கதை. ஸ்காட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் டொனால்டு மிக்கியின் குழுவினர் 'பிரெடி' என்ற பொறியை உருவாக்கினர். குவியலாகக் கிடந்த மரத்துண்டுகளை இனம் கண்டெடுத்து, அது ஒரு பொம்மைக் காரைப் பூட்டி முடித்தது. அக்காலத்தில் பிரிட்டனின் அறிவியல் ஆராய்ச்சி மன்றம், கணித மேதை ஜேம்ஸ் லைட்ஹில்லிடம் இத்துறையைப் பற்றிக் கருத்துக் கேட்டது. 1973-இல் வெளிவந்த அவரது அறிக்கை, வாக்குறுதி மிகுதி, பலன் குறைவு என்று கண்டித்தது. அக்குற்றச்சாட்டு அடியோடு பொய்யன்று. ஆராய்ச்சியாளர் சிலர் அளவு கடந்து பேசியிருந்தனர். எனினும், பேச்சுக்கு விதித்த தண்டனை ஆராய்ச்சியின்மேல் விழுந்தது. மானியம் சுருங்கியது. ஜப்பானின் புதிய கணினித் திட்டத்தைக் கண்ட பிரிட்டிஷ் அரசாங்கம், 1983-இல் 'ஆல்வி' திட்டத்தின்மூலம் இத்துறைக்கு மீண்டும் பணம் ஒதுக்கியது. இடையில் கழிந்த பத்தாண்டுகளை எந்தப் பணம் மீட்டுத் தரும்?

அரசாங்கம் கணக்குக் கேட்பது நியாயமே. நேர்மையாக உழைத்தார்களா, கண்டதை எழுதி வைத்தார்களா, இளைஞரைப் பயிற்றினார்களா என்று கேட்கட்டும். இவ்வாண்டே பலன் எங்கே என்று கேட்டால், தள்ளாடியும் தேறியிராது, பிரெடியும் தேறவில்லை. பசித்த காலத்திலும் நம் குடியானவர் விதைநெல்லைக் குத்திச் சோறாக்கத் தயங்குவர். அந்தத் தயக்கம் நாடாள்வோருக்கும் வேண்டும்.