லாவா மேல தண்ணி அடிச்ச ஊர்

ஐஸ்லாந்துக்குத் தெற்கே ஹெய்மாய்னு ஒரு குட்டித் தீவு இருக்கு மக்களே. மொத்தமே 13 சதுர கிலோமீட்டர் சொச்சம். அதுல 2 சதுர கிலோமீட்டருக்கு மேல என்னை விட வயசுல சின்னது, 1973-ல பொறந்த பூமி!

நிலவியல்னாலே கோடி வருஷம், லட்சம் வருஷம்னு ஆரம்பிச்சுத் தூங்க வெச்சிடுவாங்க. இங்கே கணக்கு மணி நேரத்தில் ஓடுகிறது.

1973 ஜனவரி 23, பின்னிரவு 2 மணி வாக்கில் ஊருக்குக் கிழக்கே நிலம் பிளந்தது. ஒன்றரை கிலோமீட்டர் நீளத்துக்கு நெருப்புச் சுவர். ஊரில் ஏறத்தாழ 5300 பேர். முந்தின நாள் புயல் அடித்ததால் மீன்பிடிப் படகுகள் எல்லாம் துறைமுகத்திலேயே நின்றிருந்தன. அந்தப் புயல் மட்டும் இல்லேன்னா... நினைக்கவே பயமா இருக்கு. பொழுது விடியறதுக்குள்ள அநேகமா எல்லாரையும் அக்கரை சேர்த்துட்டாங்க.

நிஜமான சண்டை அப்புறம்தான். சாம்பல் விழுந்து கூரைகள் நொறுங்கின. லாவா மெல்ல மெல்லத் துறைமுக வாயை நோக்கி நகர்ந்தது. அது அடைபட்டால் ஊரே மிஞ்சினாலும் பிரயோஜனம் இல்லை. மீன்தான் அவங்களுக்குச் சோறு.

தோர்பியோர்ன் சிகுர்கெய்ர்சன் என்ற இயற்பியலாளர் கடல் தண்ணியைப் பீச்சி அடிக்கலாம்னு கிளம்பினார். முன்பக்கம் குளிர்ந்து இறுகினால், அதுவே அணை மாதிரி நின்று பின்னால் வருவதைத் தடுக்கும் என்பது கணக்கு. உள்ளூர்க்காரங்க இதுக்கு 'லாவா மேல மூத்திரம் அடிக்கிறது'ன்னு பேர் வெச்சாங்களாம் :-) ஆனா மார்ச் கடைசியில் லாவா ஊருக்குள்ளும் புகுந்து வீடுகளை விழுங்கியபோது யாரும் சிரித்திருக்க மாட்டார்கள். அமெரிக்காவிலிருந்து பெரிய பம்புகள் வந்தன. நகர்ந்துகொண்டிருந்த லாவா மேலேயே ஏறிக் குழாய் போட்டார்கள். அதில் சிலது பிளாஸ்டிக் குழாய்! உள்ளே தண்ணி ஓடுற வரைக்கும் உருகலையாம்.

ஜூலை 3-ல் எல்லாம் அடங்கியது. சுமார் 400 வீடுகள் போயின, நச்சு வாயுவில் ஓர் உயிரும் போனது. துறைமுகம் தப்பித்தது. வாய் குறுகிப் போனதால் முன்னை விட அலைக்குப் பாதுகாப்பு வேற. தண்ணியால நின்னுச்சா, எரிமலையே களைச்சுப் போச்சான்னு கேட்டா, ரெண்டும்தான்னு எனக்குப் படுது. ஆறாத லாவாவின் சூட்டில் பல வருஷம் வீடுகளைக் கதகதப்பாக வைத்துக்கொண்டார்கள். சாம்பலை அள்ளி விமான ஓடுதளத்தை நீட்டினார்கள். பொழைக்கத் தெரிஞ்ச சனம்!

அப்போ முளைத்த மலைக்கு எல்ட்ஃபெல், நெருப்பு மலைன்னு பேரு. 200 மீட்டர் உயரம். பக்கத்தில் நிற்கும் ஹெல்காஃபெல் அதை விட 5000 வருஷமாவது மூத்தது, ஆனா பார்க்க அண்ணன் தம்பி மாதிரிதான் இருக்கு.

சாம்பலில் புதைந்த வீடு ஒன்றைத் தோண்டி எடுத்து, அதைச் சுற்றியே 2014-ல் ஓர் அருங்காட்சியகம் கட்டியிருக்கிறார்கள். லாவாவுக்கு அடியில் போனதைத் தோண்ட முடியாது. அதனால அந்தக் கறுப்புப் பாறை மேலேயே பலகை நட்டு, கீழே இருக்கிற தெருவோட பேரை எழுதி வெச்சிருக்காங்க.