இஸ்ஃபஹானுக்கு முந்தைய 'இஸ்ஃபஹான்': பில்லி ஸ்ட்ரேஹார்னின் ஆக்கமுறை பற்றி

டியூக் எல்லிங்டன் இசைக்குழுவின் 'ஃபார் ஈஸ்ட் ஸ்வீட்' இசைத்தட்டு 1967இல் வெளிவந்தது. அதன் ஒன்பது பகுதிகளில் ஒன்று 'இஸ்ஃபஹான்'. ஜானி ஹாட்ஜஸின் ஆல்ட்டோ சாக்ஸபோன் சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கிச் செல்லும் அழகு, கர்நாடக இசையில் ஜாரு கமகத்தைக் கேட்டுப் பழகிய காதுக்கு உடனே பிடிபடும். ஈரானிய நகரத்தின் நீலக் கோபுரங்களையும் மாலை வெயிலையும் இந்த இசையில் கண்டதாக எழுதியவர்கள் பலர். ஆனால் இசைக்குழு ஈரானுக்குப் புறப்படும் முன்பே இந்த மெட்டு 'எல்ஃப்' என்ற பெயரில் முழுமையாக இருந்தது. பாரசீக இசைமுறையின் சுவடு எதுவும் இதில் இல்லை. இது மெதுநடையில் அமைந்த ஓர் அமெரிக்க பாலட். எழுதியவர் பில்லி ஸ்ட்ரேஹார்ன்.

அவருடைய படைப்புகளைத் தலைப்பையோ, இசைத்தட்டில் அச்சான பெயர்களையோ கொண்டு வாசிக்கும் வழக்கம் அவரது ஆக்கமுறையை மறைத்துவிடுகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். எல்லிங்டன், ஸ்ட்ரேஹார்ன் இருவருள் எதை யார் எழுதினார் என்ற படைப்புரிமைச் சிக்கலுக்கு விடை தேட வேண்டிய இடம் சுர அமைப்பு.

ஸ்ட்ரேஹார்ன் 1915இல் ஓஹாயோ மாநிலத்தின் டேட்டனில் பிறந்து பிட்ஸ்பர்க்கில் வளர்ந்தார். மேற்கத்தியச் செவ்வியல் இசையை முறையாகப் பயின்றார். கறுப்பினத்தவருக்கு அந்த உலகின் கதவு திறக்காது என்று அறிந்துகொள்ள அவருக்கு அதிக காலம் ஆகவில்லை. மருந்துக் கடையில் வேலை பார்த்தபடியே 'லஷ் லைஃப்' பாடலை எழுதினார். எல்லிங்டனை அவர் சந்தித்தது 1938 டிசம்பரில். முதல் சந்திப்பிலேயே 'சொஃபிஸ்டிகேட்டட் லேடி'யை எல்லிங்டன் வாசிக்கும் விதத்தில் ஒருமுறையும் தன் விதத்தில் ஒருமுறையும் பியானோவில் வாசித்துக் காட்டினார் என்பது ஜாஸ் வரலாற்றில் அடிக்கடி சொல்லப்படும் செய்தி. இங்கே கவனிக்க வேண்டியது காலவரிசை. 'லஷ் லைஃப்' முன்பே எழுதப்பட்டுவிட்டது. அதாவது, அவர் எல்லிங்டனிடம் வந்தபோதே தனக்கென ஒரு குரலோடுதான் வந்தார்.

அந்தக் குரல் நாடறியக் கேட்டதற்கு ஒரு தகராறு காரணம். 1941 தொடக்கத்தில் இசைப்படைப்பாளர் சங்கமான ஆஸ்காப்புக்கும் வானொலி நிலையங்களுக்கும் கட்டணப் பிணக்கு முற்றியது. சங்க உறுப்பினரான எல்லிங்டனின் படைப்புகளை வானொலியில் ஒலிபரப்ப முடியாத நிலை. உறுப்பினரல்லாத ஸ்ட்ரேஹார்னும் எல்லிங்டனின் மகன் மெர்சரும் அவசர அவசரமாகப் புதிய உருப்படிகளை எழுதிக் குவித்தார்கள். பிப்ரவரியில் பதிவான 'டேக் தி ஏ டிரெய்ன்' இசைக்குழுவின் அடையாள இசையாகவே ஆகிவிட்டது. அதற்குப் பின் அரங்கில் எல்லிங்டனின் வருகையை அறிவித்தது ஸ்ட்ரேஹார்னின் மெட்டுதான்.

எளிய மெட்டு என்று தோன்றும் அதைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். சி மேஜரில் தொடங்கும் பாட்டு, மூன்றாம் பாரில் டி செவன்த் கார்டுக்கு நகர்கிறது. அந்தக் கார்டின் ஐந்தாம் சுரம் அரைச் சுரம் இறக்கப்பட்டிருக்கிறது; மெட்டு தாவி வந்து அமர்வதும் சரியாக அந்தச் சுரத்தின் மீதே. சியை ஷட்ஜமாகக் கொண்டால் இது சுத்த தைவதம், மேஜர் ஸ்கேலுக்கு அந்நியமான சுரம். வேறு பலர் இத்தகைய சுரத்தை ஓர் அலங்காரமாகத் தொட்டுவிட்டு நகர்ந்திருப்பார்கள். ஸ்ட்ரேஹார்ன் அதையே மெட்டின் கொக்கியாக்குகிறார். அதே ஆண்டு டிசம்பரில் பதிவான 'செல்சி பிரிட்ஜ்' இன்னும் துணிவானது. அங்கே மெட்டையும் கார்டுகளையும் பிரித்தெடுக்கவே முடியாது. கார்டுகளை மாற்றினால் மெட்டு பொருளிழந்துபோகும். இந்தப் பிரிக்கவியலாமையே ஸ்ட்ரேஹார்னின் கையெழுத்து என்பேன்.

எல்லிங்டன் – ஸ்ட்ரேஹார்ன் உறவு பற்றி இரண்டு கதைகள் புழக்கத்தில் உள்ளன. ஒன்று, இருவரும் ஒரே மனமாகிவிட்டார்கள், யார் எழுதியது என்று பிரிக்க முடியாது என்பது. மற்றொன்று, முறையான ஒப்பந்தம்கூட இல்லாமல் எல்லிங்டன் ஸ்ட்ரேஹார்னைச் சுரண்டினார் என்பது. 1996இல் டேவிட் ஹாஜ்டு எழுதிய வாழ்க்கை வரலாறு இரண்டாவது கதைக்குத் தேவையான சிக்கலைச் சேர்த்தது: தன்பாலீர்ப்பை மறைக்காமல் வாழ்ந்த ஒரு கறுப்பினக் கலைஞருக்கு, 1940களில், மேடை வெளிச்சத்துக்கு வெளியே இருப்பது ஒருவகைச் சுதந்திரத்தையும் தந்தது. இதை ஏற்கலாம். ஆனாலும் இரண்டு கதைகளும் இசைக்கு வெளியே நிற்பவை.

உள்ளே நுழைய வழி செய்தவை கையெழுத்துப் படிகள். எல்லிங்டனின் ஆவணங்கள் 1988இல் ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்கு வந்துசேர்ந்தன. டச்சு இசையியலாளர் வால்டர் வான் டெ லூர், இருவரின் கையெழுத்தையும் ஒவ்வொரு தாளாகப் பிரித்தறிந்து 2002இல் நூலாக வெளியிட்டார். ஒரே உருப்படிக்குள் இருவரும் கலந்து எழுதியது நம்பப்பட்டதைவிடக் குறைவு என்று அதில் தெரிந்தது. எல்லிங்டன் துண்டுகளை அருகருகே வைத்து, அவற்றின் மோதலில் சுவை காண்பவர். ஸ்ட்ரேஹார்ன் ஒரு கருவை முதல் பாரிலிருந்து இறுதிவரை வளர்த்துச் செல்பவர். ஆக, 'ஒரே மனம்' என்பது நட்பைப் பற்றிய உண்மையாக இருக்கலாம், இசையைப் பற்றியது அல்ல.

இனி தலைப்புகளுக்கு வருவோம். 1957இல் ஷேக்ஸ்பியரை முன்வைத்து வந்த 'சச் ஸ்வீட் தண்டர்' தொகுப்பில் ரோமியோ – ஜூலியட்டுக்கு உரியதாக அமைந்தது 'ஸ்டார் கிராஸ்ட் லவ்வர்ஸ்'. அதுவும் 'பிரிட்டி கேர்ள்' என்ற பெயரில் ஹாட்ஜஸ் முன்பே பதிவு செய்திருந்த மெட்டுதான். 'இஸ்ஃபஹான்' தனி விதிவிலக்கல்ல, ஒரு வழக்கம் என்பதற்கு இது சான்று. மெட்டு முதலில், ஊரும் கதையும் பிறகு.

எதிர்வாதமும் உண்டு, அது வலுவானது. 1963 செப்டம்பரில் டமாஸ்கஸில் தொடங்கிய அமெரிக்க வெளியுறவுத் துறைப் பயணத்தில் ஸ்ட்ரேஹார்னும் இருந்தார். தில்லியில் எல்லிங்டன் நோயுற்றபோது அவர் இடத்தில் பியானோவில் அமர்ந்தவரும் அவர்தான். சென்னையும் கொழும்பும் பயணப் பட்டியலில் இருந்தன. (கென்னடி கொல்லப்பட்டதால் நவம்பரில் பயணம் நின்றுபோனது. தட்டின் பெயரில் தூரக் கிழக்கு இருந்தாலும் ஜப்பானைத் தொடும் பகுதி ஒன்றே ஒன்று, அதுவும் அடுத்த ஆண்டுப் பயணத்தில் பிறந்தது.) 'புளூபேர்ட் ஆஃப் தில்லி' மெய்யாகவே ஒரு மைனாவின் கூவலிலிருந்து வந்தது, ஜிம்மி ஹாமில்டனின் கிளாரினெட்டில் அந்தச் சுரத்தொடர் மீண்டும் மீண்டும் ஒலிக்கிறது. ஆகவே இடத்துக்கும் இசைக்கும் தொடர்பே இல்லை என்று நான் வாதிடவில்லை. ஆனால் அந்தக் கூவலுக்கு அடியில் இசைக்குழு வாசிப்பது தில்லியின் எந்த ராகத்தையும் அல்ல, 1941 முதல் ஸ்ட்ரேஹார்ன் பண்படுத்தி வந்த அதே செறிந்த கார்டு நகர்வுகளை. மைனா அவருக்கு ஒரு கருவைக் கொடுத்தது. வளர்த்த முறை பிட்ஸ்பர்க்கிலிருந்தே அவரோடு வந்தது.

மறுபெயரிட்டதன் மூலம் எல்லிங்டன் செய்தது வெறும் விற்பனைத் தந்திரமா? நான் அப்படி நினைக்கவில்லை. 'எல்ஃப்' தனி உருப்படியாகவே இருந்திருந்தால் கேட்பாரற்றுப் போயிருக்கலாம். ஒன்பது பகுதிகளுக்கு நடுவே அதற்கு ஓர் இடமும், ஹாட்ஜஸ் என்ற குரலும், ஓர் ஊரின் பெயரும் கிடைத்தன. துண்டுகளை அருகருகே வைக்கும் எல்லிங்டனின் கலை இங்கே ஸ்ட்ரேஹார்னின் முழுப்படைப்பையே ஒரு துண்டாக எடுத்தாள்கிறது. இசைத்தட்டில் இணைத்து அச்சிடப்பட்ட இரு பெயர்களுள் ஒன்று தொகுத்தவரையும் மற்றொன்று மெட்டை ஆக்கியவரையும் குறிக்கிறது என்று கொண்டால், 1967 மே மாதம் உணவுக்குழாய்ப் புற்றுநோயால் இறந்த ஸ்ட்ரேஹார்னின் படைப்புப் பட்டியலை இன்னும் பல தட்டுகளுக்குத் திருத்தி எழுத வேண்டியிருக்கும்.