கண்டி வளைவுகளுக்குத் திடல் பயிற்சி போதுமா?

வன்னியின் நேரான ஏ-9 வீதியில் மோட்டார் சைக்கிள் ஓடிப் பழகியவர்கள், அதே வீதியால் கண்டிக்குச் செல்லும்போது மாத்தளைக்கு அப்பால் பலகடுவ வளைவுகளைச் சந்திக்கின்றனர். அதற்குச் சிமியுலேட்டரும் திடல் பயிற்சியும் உதவுமா?

ஜப்பானில் 1996 முதல் பெரிய மோட்டார் சைக்கிள் பயிற்சியில் சிமியுலேட்டர் கட்டாயம். குறுக்கே வரும் வாகனத்தை முன்கூட்டியே கவனிக்க அது காயமின்றிப் பழக்குகிறது. ஆனால் ஈரமான இறக்கத்தில் சில்லு வழுக்குவதை அது முழுமையாக உணர்த்தாது.

திடலில் பிறேக் பழகலாம். அமெரிக்காவில் 900 விபத்துகளை ஆராய்ந்த 1981ஆம் ஆண்டின் ஹேர்ட் அறிக்கை, பலர் பின் பிறேக்கை அளவுமீறி மிதித்து, முன் பிறேக்கைப் போதியளவு பிடிக்கவில்லை என்றது.

எனினும், 23 ஆய்வுகளைத் தொகுத்த 2010ஆம் ஆண்டின் கொக்ரேன் மீளாய்வால், பயிற்சி விபத்தைக் குறைக்கிறது என உறுதிசெய்ய முடியவில்லை. கைத்திறனோடு வேகமும் கூடினால் பயனில்லை. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைப்பதும், இறக்கத்தில் குறைந்த கியரில் இறங்குவதும், வளைவில் முந்தாதிருப்பதும் வீதியிலேயே பழக வேண்டியவை.