டீச்சரம்மா எழுதிக் கொடுத்த பத்திரம்

பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போகிறீர்கள். நாலு பக்கத்துக்கு அட்மிஷன் ஃபாரம் நீட்டுகிறார்கள். எல்லாம் பொடி எழுத்து. ஃபீஸைத் தேதிக்குள் கட்டுவேன், கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்க மாட்டேன், பிள்ளை பெஞ்சை உடைத்தால் நானே பொறுப்பு. எதையும் படிக்காமல் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறீர்கள். நானும் அப்படித்தான் போட்டேன்.

எப்போதாவது பள்ளிக்கூடம் உங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுத்திருக்கிறதா?

1886ல் ஒரு டீச்சர் எழுதிக் கொடுத்தார். கொரியாவில், சியோல் நகரத்தில். எழுதிக் கொடுத்தவர் அமெரிக்காக்காரி. வாங்கிக்கொண்டவர் சோற்றுக்கு வழியில்லாத ஒரு கொரியத் தாய். அந்த டீச்சருக்கு அது முதல் வருஷம். பள்ளிக்கூடத்துக்கும் அதுதான் முதல் வருஷம்.

பெயர் மேரி ஸ்க்ரான்டன். 1832ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிறந்தவர். நாற்பது வயது ஆவதற்கு முன்பே கணவர் இறந்துவிட்டார். ஒரே மகன், வில்லியம். யேல் பல்கலைக்கழகத்தில் படித்து, அப்புறம் நியூயார்க்கில் மருத்துவம் முடித்த டாக்டர். மெதடிஸ்ட் திருச்சபை அவரைக் கொரியாவுக்கு அனுப்ப முடிவு செய்தபோது, அதே திருச்சபையின் பெண்கள் மிஷன் சங்கம் அம்மாவையும் அனுப்பியது. 1885 ஜூனில் மேரி கொரியா வந்து இறங்கியபோது வயது ஐம்பத்திரண்டு. நம் ஊரில் அந்த வயதில் வி.ஆர்.எஸ். வாங்கலாமா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார்கள்.

வந்த இடம் எப்படிப்பட்டது என்று கொஞ்சம் பார்த்துவிடுவோம்.

கொரியா அப்போது வெளியாளுக்குக் கதவைச் சாத்தி வைத்திருந்த தேசம். 1866ல் கத்தோலிக்கர்கள்மீது நடந்த வேட்டையில் பிரெஞ்சுப் பாதிரிமார்கள் ஒன்பது பேரும், ஆயிரக்கணக்கான கொரியக் கிறிஸ்தவர்களும் கொல்லப்பட்டார்கள். 1871ல் அமெரிக்கப் போர்க்கப்பல்கள் வந்து கங்க்வா தீவின் கோட்டைகளைத் தாக்கின. கொரியர்கள் தரப்பில் இருநூறுக்கும் மேல் சாவு. அதே அமெரிக்காவோடுதான் 1882ல் கொரியா ஒப்பந்தம் போட்டது. வியாபாரம் செய்யலாம், தூதரகம் வைக்கலாம். மதப் பிரசாரம்? மூச். ஆஸ்பத்திரி நடத்தினால் கண்டுகொள்ள மாட்டார்கள். பள்ளிக்கூடம் நடத்தினாலும் அப்படித்தான்.

ஆனால் பள்ளிக்கூடம் என்றால் ஆண் பிள்ளைகளுக்கு. பெண்களுக்கு எதற்கு? வசதியான வீட்டுப் பெண்கள் பகலில் தெருவுக்கே வரமாட்டார்கள். சியோலில் ராத்திரி பெரிய மணி அடிக்கும். அடித்ததும் ஆண்கள் வீட்டுக்குள் போய்விட வேண்டும். அப்புறம்தான் பெண்கள் வெளியே வந்து காற்று வாங்கலாம், சொந்தக்காரர்களைப் பார்க்கலாம். அந்த ஊரில் போய் பெண்களுக்குப் பள்ளிக்கூடம் என்றால் யார் வருவார்கள்?

மேரி அசரவில்லை. 1885 அக்டோபரில், நகரத்தின் மேற்குப் பக்கம் ஜோங்டோங் பகுதியில் பத்தொன்பது கூரை வீடுகளையும் ஒட்டியிருந்த காலி இடத்தையும் வாங்கினார். குடிசைகளை எடுத்துவிட்டு, கொரிய பாணியிலேயே ஓட்டு வீடாகக் கட்ட ஆரம்பித்தார். கட்டடம் எழும்புகிறது. மாணவிகளைத்தான் காணோம்.

தெருவில் மேரியின் தலை தெரிந்தால் குழந்தைகள் அலறிக்கொண்டு ஓடின. பெண்கள் கதவையும் ஜன்னலையும் அடித்துச் சாத்தினார்கள். இதை அவரே எழுதி வைத்திருக்கிறார். பாஷையும் சரியாக வராது. வாய் திறந்து நான் நல்லவள் என்று சொல்லக்கூட வழியில்லை.

1886 மே 31. முதல் மாணவி வந்தாள். சிறுமி அல்ல, ஓர் அதிகாரியின் ஆசைநாயகி. அந்த அதிகாரிக்கு ஒரு கணக்கு. இவள் இங்கிலீஷ் கற்றுக்கொண்டால் ஒருநாள் மகாராணிக்கு மொழிபெயர்ப்பாளர் ஆகலாம். ஆனால் நம் வீடு எங்கேயோ போய்விடும். புதுக் கட்டடம் முடியவில்லை. மகன் வில்லியம் வீட்டிலேயே ஒரு டீச்சர், ஒரு மாணவி என்று வகுப்பு ஆரம்பித்துவிட்டது. சுமார் மூன்று மாதம். அந்தம்மா நின்றுவிட்டார்.

இதற்குள், ஜூன் மாதத்தில், இன்னொருத்தி வந்திருந்தாள். இவள் சிறுமி. கொண்டுவந்து விட்டது பெற்ற தாய். படிப்பின் மீது ஆசையெல்லாம் இல்லை. வறுமை. இங்கே விட்டால் பிள்ளைக்குச் சோறு கிடைக்கும், துணி கிடைக்கும். அவ்வளவுதான்.

சில நாள்கூட ஆகவில்லை. அக்கம்பக்கத்தார் அந்தத் தாயைப் பிடித்துக்கொண்டார்கள். நீயெல்லாம் ஒரு தாயா? பெற்ற பிள்ளையை யாராவது அந்நியக் காட்டுமிராண்டியிடம் கொடுப்பார்களா? இப்போது நன்றாகத்தான் சோறு போடுவாள். கொஞ்ச நாள் போகட்டும், கப்பலில் ஏற்றி அமெரிக்காவுக்குக் கொண்டுபோய்விடுவாள். அங்கே உன் மகளை என்ன செய்வார்களோ, யார் கண்டது?

நம் ஊரில் பிள்ளை பிடிக்கிறவன் வருகிறான் என்று பயமுறுத்தித்தான் நம்மையெல்லாம் வளர்த்தார்கள். கோணிப்பையோடு யாராவது தெருவில் போனாலே வீட்டுக்குள் ஓடி ஒளிந்தவர்கள் நாம். ஆனால் அந்த சியோல் தாயின் பயத்தை அப்படிச் சுலபமாக ஒதுக்கிவிட முடியாது. அவளைப் பொறுத்தவரை அமெரிக்கா என்பது என்ன? பதினைந்து வருஷத்துக்கு முன்னால் பீரங்கியோடு வந்து சுட்டுவிட்டுப் போன தேசம். அந்த தேசத்துக்காரி ஒருத்தி, உறவில்லை, ஒட்டில்லை, காசு வாங்காமல் என் பிள்ளைக்குச் சோறு போடுகிறேன் என்கிறாள். எதற்குப் போடுகிறாள்? நீங்களாக இருந்தாலும் கேட்டிருப்பீர்கள்தானே?

பட்டினி கிடந்தாலும் பரவாயில்லை, பிள்ளையைக் கொடு என்று வந்து நின்றாள் தாய்.

இந்த இடத்தில் மேரி என்னென்னவோ செய்திருக்கலாம். கோபப்பட்டிருக்கலாம். இன்னும் கொஞ்சம் அரிசியும் துணியும் கொடுத்து வாயை அடைத்திருக்கலாம். போனால் போகட்டும் என்று அடுத்த ஆளைத் தேடியிருக்கலாம். அவர் ஒரு தாளை எடுத்தார். உங்கள் மகளை இந்த நாட்டைவிட்டு ஒருபோதும் வெளியே கொண்டுபோக மாட்டேன் என்று வாக்குறுதி எழுதிக் கொடுத்தார்.

பி.காமில் எங்களுக்கு ஒப்பந்தச் சட்டம் என்று ஒரு பேப்பர் உண்டு. ஒரு தரப்பு மட்டும் வாக்குக் கொடுத்து, பதிலுக்கு எதுவும் வாங்கிக்கொள்ளாவிட்டால் அது ஒப்பந்தமே இல்லை, கோர்ட்டில் நிற்காது என்று சொல்லிக் கொடுப்பார்கள். பிரதிபலன் வேண்டுமாம். மேரியின் தாளை முதலில் படித்தபோது எனக்கு அந்த ஞாபகம்தான் வந்தது. டீச்சர் எழுதிக் கொடுக்கிறார். தாய் என்ன கொடுத்தாள்? யோசித்தால் சிரிப்புக்கூட வரவில்லை. பிள்ளையையே அல்லவா கொடுத்தாள்!

தாள் கைக்கு வந்ததும் தாய் மனம் மாறி, கண்ணீர் மல்கி... அதெல்லாம் சினிமாவில். இங்கே பாதி நம்பிக்கைதான் வந்தது. முழுசாக நம்புவதற்கு இன்னும் பல மாதங்கள் ஆயின என்று மேரியே ஒப்புக்கொள்கிறார். ஆனால் பிள்ளை தங்கினாள். அதுதான் முக்கியம்.

அந்த வருஷக் கோடையில் கொரியாவில் காலரா வந்து, சியோலில் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். தொற்று நோய் என்றால் நோயாளியை நகரச் சுவருக்கு வெளியே கொண்டுபோய் விட்டுவிடுவது அந்த ஊர் வழக்கம். அப்படிச் சுவருக்கு வெளியே கிடந்த ஒரு பெண்ணை டாக்டர் வில்லியம் தூக்கி வந்து தன் ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்த்தார். கூடவே ஒரு சின்னஞ்சிறு மகள். அந்தக் குழந்தை மேரியிடம் வந்து சேர்ந்தது. நிலைத்து நின்ற மாணவிகளில் இரண்டாவது ஆள்.

கவனித்தீர்களா? யாரும் படிக்க ஆசைப்பட்டு வரவில்லை. ஒருத்தியைப் பதவி ஆசை அனுப்பியது. ஒருத்தியைப் பசி. ஒருத்தியை நோய். ஊரில் பெயர் சொல்லும்படியான வீடு எதிலிருந்தும் ஒரு பெண் வரவில்லை. வந்தவர்களை வைத்துக்கொண்டு நடத்தினார் மேரி.

நவம்பரில் புது ஓட்டு வீடு தயாராகி குடிபோனபோது மாணவிகள் நாலு பேர். நாலாவது வந்தவளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பெயர் கிம் ஜோம்-டோங். பத்து வயது. அவளுடைய அப்பா, மேரியோடு ஒரே சமயத்தில் கொரியா வந்து ஆண்கள் பள்ளி ஆரம்பித்த அப்பன்செல்லர் என்ற மிஷனரியிடம் வேலை பார்த்தவர். வெள்ளைக்காரர்களை அருகிலிருந்து பார்த்த தைரியத்தில் மகளைக் கொண்டுவந்து விட்டார். அப்பாவுக்கு இருந்த தைரியம் மகளுக்கு இருக்க வேண்டுமே?

அன்றைக்கு நல்ல குளிர். அறையில் கணப்பு அடுப்பு எரிகிறது. கொரிய வீடுகளில் சூடு தரைக்கு அடியிலிருந்து வரும். இரும்பு அடுப்பை நடு அறையில் வைத்து எரிப்பதை அந்தப் பெண் பார்த்ததே இல்லை. மேரி அன்பாகக் கூப்பிட்டார்: குளிரும், அடுப்புகிட்ட வா. அவ்வளவுதான். குழந்தைக்கு வெலவெலத்துவிட்டது. அக்கம்பக்கத்தில் சொன்னதெல்லாம் நிஜம், இந்தம்மா நம்மைத் தூக்கி உள்ளே போட்டு எரிக்கப்போகிறாள் என்று நினைத்தாளாம். பெரியவளான பிறகு அவளே சொன்னது.

1887 ஜனவரியில் ஏழு பேர். சீக்கிரமே இன்னொரு நல்ல செய்தி. மன்னர் கோஜோங் பள்ளிக்குப் பெயர் சூட்டினார். இஹ்வா ஹக்டாங். இஹ்வா என்றால் பேரி மரத்தின் பூ, ஹக்டாங் என்றால் பள்ளிக்கூடம். அரசரே பெயர் வைத்துவிட்டார் என்றால் போலீஸ் பயம் இல்லை. அக்கம்பக்கத்தாரும் கொஞ்சம் வாயை மூடுவார்கள். அரசாங்க போர்டு ஒன்று வாசலில் தொங்குவதன் மகிமை நமக்குத் தெரியாததா?

1887 மே வந்தபோது முதல் வருஷம் முடிந்தது. சொல்லிக்கொள்ளும்படி ரிசல்ட் எதுவும் இல்லை. பரீட்சையில் ஜெயித்தவர்கள் இல்லை. மதம் மாறியவர்கள் என்று ஊருக்கு லிஸ்ட் அனுப்பவும் வழியில்லை. ஞாயிறு பள்ளி, பைபிள் வகுப்பு எல்லாம் 1888ல்தான் தலைகாட்டின.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மேரி மதம் பரப்பத்தான் வந்தார். அதில் ஒளிவுமறைவு கிடையாது. கிறிஸ்துவை அறிந்த கொரியாதான் அவர் கனவு. ஆனால் அந்தப் பெண்களை அமெரிக்கப் பெண்களாக ஆக்குவதில் அவருக்கு இஷ்டமில்லை. நம் நடை உடை பாவனை இவர்களுக்கு வேண்டாம், கொரியர்களை இன்னும் நல்ல கொரியர்களாக ஆக்கினால் போதும், கொரியாவின் பொருள்களைப் பார்த்து கொரியர்களே பெருமைப்பட வேண்டும் என்று எழுதினார். கவுன் மாட்டிவிடவில்லை. ஓட்டு வீட்டில், கொரிய உடையில், கொரியச் சாப்பாடு சாப்பிட்டுத்தான் படித்தார்கள். அந்தக் காலத்து மிஷனரிகள் எல்லோரும் இப்படி யோசித்தவர்கள் அல்ல.

முதல் வருஷம் தாண்டிவிட்டால் எல்லாம் சுபம் என்று நினைத்துவிடாதீர்கள். 1888 கோடையில் சியோல் முழுக்க ஒரு வதந்தி பற்றிக்கொண்டது. வெள்ளைக்காரர்கள் குழந்தைகளைத் திருடுகிறார்கள், தின்கிறார்கள், கண்ணைத் தோண்டி மருந்து செய்கிறார்கள். அமெரிக்கத் தூதரகத்தைக் காக்க துறைமுகத்திலிருந்து கடற்படை வீரர்களை வரவழைக்க வேண்டியதாயிற்று. மன்னர் தரப்பிலிருந்து அறிவிப்பு போட்ட பிறகுதான் ஊர் அடங்கியது. அந்த முதல் தாயின் காதில் ஓதியதைத்தான் இரண்டு வருஷம் கழித்து ஊரே ஓதியது. பள்ளி தப்பித்தது.

மேரி கொரியாவிலேயே இருந்து, 1909ல் சியோலில் இறந்தார். ஹான் நதிக்கரையில், யாங்ஹ்வாஜின் வெளிநாட்டவர் கல்லறையில் புதைத்திருக்கிறார்கள். ஒற்றை மாணவியோடு தொடங்கிய பள்ளிக்கூடம் இன்றைக்கு இஹ்வா மகளிர் பல்கலைக்கழகம். மே 31 அதன் நிறுவன நாள். அதாவது அதிகாரி வீட்டு அம்மா வந்த நாள். மூன்று மாதத்தில் நின்றுபோனவர் புண்ணியத்தில்தான் வருஷா வருஷம் விழா!

சரி, அடுப்பைப் பார்த்து நடுங்கிய ஜோம்-டோங் என்ன ஆனாள்?

இங்கிலீஷ் நன்றாக வந்தது. 1890ல் ரொசெட்டா ஷெர்வுட் என்ற அமெரிக்க லேடி டாக்டர் சியோல் வந்தபோது அவருக்கு மொழிபெயர்ப்பாளர் ஆனாள். அவர் ஒருமுறை பிளவு உதட்டை அறுவை சிகிச்சை செய்து சரியாக்குவதைப் பக்கத்தில் நின்று பார்த்தாள். நானும் டாக்டர் ஆவேன் என்றாள். ஞானஸ்நானத்தில் எஸ்தர் என்று பெயர் வைத்தார்கள். 1893ல் பாக் யூ-சான் என்பவரோடு கல்யாணம். 1895ல் கணவனோடு அமெரிக்கா போய்ச் சேர்ந்தாள். ஆமாம், அதே அமெரிக்கா. இந்தமுறை யாரும் யாரிடமும் எழுதி வாங்கவில்லை. அவளாக விரும்பிக் கப்பல் ஏறினாள்.

பால்டிமோர் மகளிர் மருத்துவக் கல்லூரியில் அவள் படித்தாள். கணவர் பண்ணையில் வேலை செய்தார், ஓட்டலில் வேலை செய்தார், மனைவியைப் படிக்க வைத்தார். 1900ல், அவள் பட்டம் வாங்குவதற்குச் சில வாரம் இருக்கும்போது, காசநோயில் இறந்துபோனார். அவரை அங்கேயே புதைத்துவிட்டு, அந்த வருஷமே தனியாகக் கொரியா திரும்பினார் டாக்டர் எஸ்தர் பாக். மேற்கத்திய மருத்துவத்தில் பட்டம் வாங்கிய முதல் கொரியப் பெண். பத்து வருஷம் வைத்தியம் பார்த்தார். 1910ல் அவரையும் அதே காசநோய் கொண்டுபோனது. மேரி போய் ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை.