காவல் நாய் வாங்குமுன் போட வேண்டிய கணக்கு

தேக்கா சந்தையில் ஞாயிற்றுக்கிழமை காலை ஆட்டிறைச்சிக் கடை முன்னால் நிற்பவர்களில் ஓரிருவர் கறியோடு எலும்பும் கேட்டு வாங்கிப் போவார்கள். ‘வீட்டில் பெரிய நாய்’ என்பார்கள். பக்கத்தில் நிற்பவர் உடனே கேட்கும் கேள்வி, ‘என்ன விலைக்கு வாங்கினீர்கள்?’ என்பதுதான். மாதம் எவ்வளவு ஆகிறது என்று கேட்பவர் குறைவு. அதற்குமுன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றும் உண்டு: உங்கள் வீட்டில் அந்த நாயை வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் கொடுக்கிறதா?

ஜோகூர் ரப்பர் தோட்டத்து லயங்களில் வளர்ந்தவர்களுக்கு நாய் என்றால் செலவே இல்லாத ஜீவன். மிச்சச் சோறு, கருவாட்டுத் தலை, படுக்க வாசல்படி. லைசென்ஸ், ஊசி, காப்புறுதி எதுவும் கிடையாது. அந்த நினைவோடு சிங்கப்பூரில் ராட்வைலரோ டோபர்மேனோ வாங்கப் போகிறவர்தான் அதிகம் தடுமாறுகிறார்.

வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டில் இருப்பவர் ஒரே ஒரு நாயைத்தான் வளர்க்கலாம். அதுவும் அனுமதிக்கப்பட்ட சிறிய இனங்களின் பட்டியலில் உள்ளதாக இருக்க வேண்டும். அந்தப் பட்டியலில் 62 இனங்கள் உள்ளன. ஜெர்மன் ஷெப்பர்ட், ராட்வைலர், டோபர்மேன் எதுவும் அதில் இல்லை. மீறினால் 4,000 வெள்ளி வரை அபராதம். அபராதத்தைக் கட்டினாலும் நாயை வைத்துக்கொள்ள முடியாது. குழந்தைகள் பழகிய பிறகு அதை வெளியேற்ற வேண்டிய நாள் எந்த வீட்டுக்கும் வரக்கூடாது. ‘குட்டியாகத்தானே இருக்கிறது, யாருக்குத் தெரியப் போகிறது’ என்று கொண்டு வருபவர்கள் உண்டு. ஆறு மாதத்தில் அது 25 கிலோ ஆகிவிடும். மின்தூக்கியில் பக்கத்து வீட்டுக்காரரோடு நின்றாலே போதும்.

ஆக, பெரிய காவல் நாய் என்பது தரைவீட்டுக்காரர்களின் விஷயம். கூட்டுரிமை வீடுகளில் சட்டம் விட்டாலும் நிர்வாகக் குழுவின் விதிகள் விடாமல் இருக்கலாம். வாங்குமுன் அந்த விதிப்புத்தகத்தைப் படித்துவிடுங்கள்.

அடுத்தது இனம். தேசியப் பூங்காக் கழகத்தின்கீழ் இயங்கும் விலங்கு, கால்நடை மருத்துவச் சேவை, ஆபத்து அதிகம் என்று கருதும் இனங்களைத் தனிப் பட்டியலில் வைத்திருக்கிறது. அதன் முதல் பிரிவில் பிட்புல், அகிதா, தோசா, டோகோ அர்ஜென்டினோ, நியாபோலிட்டன் மாஸ்டிஃப் போன்றவை வருகின்றன. இவற்றை வெளிநாட்டிலிருந்து கொண்டுவரவே அனுமதி இல்லை. இரண்டாம் பிரிவில் ஜெர்மன் ஷெப்பர்ட், அதன் உறவான பெல்ஜியன் ஷெப்பர்ட், ராட்வைலர், டோபர்மேன், புல் டெரியர், புல்மாஸ்டிஃப், கேன் கோர்சோ. நம்மவர்கள் ‘காவல் நாய்’ என்று மனதில் வைத்திருக்கும் எல்லாமே அநேகமாக இந்த இரண்டு பிரிவுகளில் அடங்கிவிடும். கலப்பினம் என்று சொல்லித் தப்பவும் முடியாது. இவற்றின் கலப்புகளும் பட்டியலில் சேர்ந்தவையே.

பட்டியலில் உள்ள நாயை வெளியே கூட்டிச் செல்லும்போது கழுத்துவாரும் வாய்ப்பூட்டும் கட்டாயம். மைக்ரோசிப் பொருத்த வேண்டும். பிறருக்குக் காயம் ஏற்பட்டால் ஈடுகட்ட 100,000 வெள்ளிக்குக் காப்புறுதி, வங்கி உத்தரவாதம், கீழ்ப்படிதல் பயிற்சி என்று நிபந்தனைகள் நீளும். எந்தப் பிரிவுக்கு எது, எவ்வளவு என்பதை லைசென்ஸ் விண்ணப்பத்தின்போது கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கடைக்காரர் வாய்மொழியாகச் சொல்வதை நம்ப வேண்டாம். அவருக்கு நாய் விற்றாக வேண்டும்.

லைசென்ஸ் கட்டணம் சின்ன விஷயம். கருத்தடை செய்த நாய்க்கு ஆண்டுக்கு 15 வெள்ளி, செய்யாததற்கு 90 வெள்ளி. லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் 5,000 வெள்ளி வரை அபராதம்.

இனி விலை. பெரிய இனக் குட்டிக்கு இங்கே பல ஆயிரம் வெள்ளி கேட்கிறார்கள். வம்சாவளிச் சான்று, தாய் தந்தையின் நிறம், எந்த நாட்டு ரத்தம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை. நிறத்துக்குப் பணம் கொடுப்பதைவிட, தாய் தந்தையின் இடுப்பு எக்ஸ்ரே முடிவைக் கேளுங்கள். ஜெர்மன் ஷெப்பர்டுக்கும் ராட்வைலருக்கும் இடுப்பு மூட்டுக் கோளாறு பரம்பரையாக வருவது. டோபர்மேனுக்கு இதயத் தசை பலவீனமாகும் நோய் அதிகம். சான்றிதழை ஃபிரேம் போட்டு மாட்டுபவர்கள்கூட இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை என்பது எனக்கு எப்போதும் வியப்பு.

விலை எவ்வளவு பொய்யானது என்பதற்குச் சீனாவில் நடந்ததே சாட்சி. பணக்காரர்களிடையே திபெத்திய மாஸ்டிஃப் மோகம் தலைக்கேறி, 2014ல் ஒரு குட்டி 12 மில்லியன் யுவானுக்கு விற்றதாக உலகச் செய்திகளில் வந்தது. சில ஆண்டுகளில் மோகம் கலைந்தது. வளர்த்தவர்கள் தீவனம் போட முடியாமல் கைவிட்ட நாய்கள் திபெத்தியப் பீடபூமியில் கூட்டம் கூட்டமாகத் திரிந்தன. பனிமலைக்குப் படைக்கப்பட்ட அந்த அடர்ந்த ரோமத்தோடு சிங்கப்பூர் வெயிலில் ஒரு நாய் நின்றால் குளிர்சாதனக் கட்டணத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டியதுதான்.

‘ஜோகூரில் பாதி விலை’ என்ற பேச்சு காதில் விழாதவர் இருக்க மாட்டார். அனுமதி இல்லாமல் நாயைக் கடற்பாலம் வழியாகக் கொண்டுவருவது கடத்தல். 10,000 வெள்ளி வரை அபராதம், ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும் கிடைக்கலாம். உட்லண்ட்ஸ், துவாஸ் சோதனைச் சாவடிகளில் காரின் மறைவிடங்களில் மயங்கிக் கிடந்த குட்டிகள் பிடிபட்ட செய்திகளைப் படித்திருப்பீர்கள். சிங்கப்பூரில் 1953க்குப் பிறகு ரேபிஸ் இல்லை. அதைக் காப்பாற்றத்தான் இந்தக் கெடுபிடி.

ஊரிலிருந்து ராஜபாளையமோ கோம்பையோ கொண்டுவர ஆசைப்படுபவர்களுக்கும் இதே கதைதான். ராஜபாளையம் நம் பெருமைக்குரிய காவல் நாய். 2005ல் இந்தியத் தபால் துறை வெளியிட்ட நான்கு நாட்டு நாய்த் தபால்தலைகளில் அதுவும் ஒன்று. ஆனால், இந்தியாவிலிருந்து வரும் நாய்க்கு ரேபிஸ் தடுப்பூசி, ரத்தப் பரிசோதனை, இறக்குமதி அனுமதி எல்லாம் முடிந்தும் இங்கே குறைந்தது 30 நாள் தனிமைக்காப்பு உண்டு. விமானக் கூண்டு, சரக்குக் கட்டணம், தனிமைக்காப்பு வாடகை எல்லாம் சேர்ந்தால் நாயின் விலை அதில் ஒரு சிறு பகுதி. தூய வெள்ளை ராஜபாளையங்களில் காது கேளாமை வருவதும் உண்டு. காவலுக்கு வாங்கும் நாய்க்குக் காது முக்கியம் அல்லவா?

சரி, நாய் வீட்டுக்கு வந்துவிட்டது. மாதக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். வளர்ந்த ஆண் ஜெர்மன் ஷெப்பர்ட் 30 முதல் 40 கிலோ இருக்கும். ஆண் ராட்வைலர் 50 கிலோவைத் தாண்டும். ஷெப்பர்டுக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 450 கிராம் உலர் தீவனம் என்று வைத்தால் ஆண்டுக்கு 164 கிலோ, அதாவது 15 கிலோ மூட்டை 11. மூட்டைக்கு 120 வெள்ளி என்று கணக்கிட்டால் 1,320 வெள்ளி. கொசு பரப்பும் இதயப்புழுவுக்கும், இங்கே சாதாரணமாக வரும் உண்ணிக் காய்ச்சலுக்கும் மாதந்தோறும் தடுப்பு மருந்து கொடுத்தாக வேண்டும். மருந்தின் அளவு நாயின் எடையைப் பொறுத்தது என்பதால் பெரிய நாய்க்கு விலையும் பெரிது. மாதம் 35 வெள்ளி என்றால் ஆண்டுக்கு 420. தடுப்பூசி, வருடாந்திரப் பரிசோதனை 200. பொங்கலுக்கோ ஆடி மாதக் கோயில் திருவிழாவுக்கோ மூன்று வாரம் ஊருக்குப் போனால் நாய் விடுதிக்கு இரவுக்கு 60 வெள்ளி வீதம் 1,260.

கூட்டினால் 3,200 வெள்ளி. பத்து ஆண்டில் 32,000. குட்டியை 5,000 வெள்ளிக்கு வாங்கியிருந்தால் அதைப்போல் ஆறு மடங்குக்குமேல். இது கடைக்குக் கடை மாறும் தோராயக் கணக்குதான். இதில் பயிற்சி, காப்புறுதி, கருத்தடை எதையும் நான் சேர்க்கவில்லை. நோயையும் சேர்க்கவில்லை.

நோய் என்றால் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது வயிறு முறுக்கிக்கொள்ளும் கோளாறு. ஆழமான மார்புள்ள பெரிய நாய்களுக்குத்தான் இது அதிகம் வரும். வயிறு திடீரென உப்பும். வாந்தி எடுக்க முயலும், ஆனால் ஒன்றும் வராது. எச்சில் ஒழுகும், நிலைகொள்ளாமல் அலையும். சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். காலையில் பார்க்கலாம் என்று காத்திருக்க முடியாது. இரவு திறந்திருக்கும் கால்நடை மருத்துவமனை எங்கே என்பதை முன்பே தெரிந்து வைத்திருக்க வேண்டும். அவசர அறுவைக்குப் பல ஆயிரம் வெள்ளி ஆகும். எம்ஆர்டியிலும் பேருந்திலும் வழிகாட்டி நாய்களைத் தவிர மற்ற நாய்களை ஏற்ற மாட்டார்கள். 40 கிலோ நாயை டாக்சிக்காரர் பார்த்ததும் கையசைத்துவிட்டுப் போய்விடுவார். சொந்தக் கார் இல்லாத வீட்டில் இதுவும் ஒரு செலவு.

பணத்தில் அடங்காத ஒன்றும் இருக்கிறது. அந்த நாயைத் தினமும் இரண்டு வேளை யார் நடத்திச் செல்வது? பல வீடுகளில் அந்த வேலை பணிப்பெண் தலையில் விழுகிறது. அவருக்கு நாயைவிட எடை சற்றே அதிகம் இருக்கும். வேலைக்கு எடுக்கும்போதே அவரிடம் கேட்டீர்களா, பயிற்சி வகுப்புக்கு அவரையும் அனுப்பினீர்களா என்பதைப் பொறுத்திருக்கிறது உங்கள் தெருவின் பாதுகாப்பு. 2024 மே மாதம் சென்னை நுங்கம்பாக்கத்தில் மாநகராட்சிப் பூங்கா ஒன்றில் இரண்டு ராட்வைலர் நாய்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறின. அந்தப் பூங்காவின் காவலாளி மகள் அவள். யாரும் நாயைக் கடிக்கப் பழக்குவதில்லை. மனிதர்களோடு பழகாமல் கூண்டிலும் சங்கிலியிலும் வளரும் நாய், ‘காவல் காக்கட்டும்’ என்று விடப்படும் நாய், யார் விருந்தாளி யார் திருடன் என்று தெரியாத நாய் ஆகிறது. இடித்துப் பேசுவதாக நினைக்க வேண்டாம்: சங்கிலியிலேயே கிடக்கும் நாயைவிட வாசலில் ஒரு கேமரா மலிவு, கடிக்கவும் கடிக்காது.

குரைத்து எச்சரிக்கும் ஒரு நாய் போதும் என்பவர்களுக்கு வேறு வழி உண்டு. ‘சிங்கப்பூர் ஸ்பெஷல்’ என்று செல்லமாக அழைக்கப்படும் உள்ளூர்க் கலப்பின நாய்கள், துவாஸ், கிராஞ்சி தொழிற்பேட்டைகளில் பிறந்து வளர்ந்தவை. காது கூர்மை, நோய் குறைவு, தீனியும் குறைவு. சுங்கை தெங்காவில் உள்ள எஸ்பிசிஏ போன்ற காப்பகங்களில் தத்தெடுக்கலாம். வீவக வீட்டில் இருப்பவர்களுக்கும் 2012ல் தொடங்கிய ‘அடோர்’ திட்டத்தின்கீழ், உயர வரம்புக்குள் அடங்கும் இத்தகைய நாயை வளர்க்க வழி இருக்கிறது. ஓய்வுபெற்ற மோப்ப நாய்களையும் இத்திட்டத்தில் தத்து கொடுக்கிறார்கள். பயிற்சிக்கு நீங்கள் செலவழிக்க வேண்டாம், அரசாங்கம் ஏற்கெனவே செலவழித்துவிட்டது.

வாங்கியபின் கட்டுப்படியாகவில்லை என்று நாயைத் தெருவில் விட்டால் அதுவும் குற்றம். முதல் தடவைக்கே 10,000 வெள்ளி வரை அபராதமோ 12 மாதம் வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம். வளர்க்க முடியாவிட்டால் வாங்கிய இடத்தையோ காப்பகத்தையோ கேட்டு, வேறு வீடு கிடைக்கும்வரை வைத்திருக்க வேண்டும். பெரிய நாய்க்கு, அதிலும் பட்டியலில் உள்ள நாய்க்கு, வேறு வீடு கிடைப்பது எளிதல்ல.

கடைசியாக அந்த எலும்பு. தேக்காவில் வாங்கிய ஆட்டெலும்பைக் குழம்பில் போட்டுவிட்டு மிச்சத்தை நாய்க்கு வைப்பது நம் வீட்டுப் பழக்கம். வெந்த எலும்பு சில்லுசில்லாக உடைந்து குடலைக் கிழிக்கும். குழம்பில் உள்ள வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்த அணுக்களை அழிக்கும். உப்பு, மசாலா இல்லாமல் வேகவைத்து, எலும்பு நீக்கிய கோழியோடு கொஞ்சம் சோறு பிசைந்து வையுங்கள். சந்தையில் அதற்குக் கோழி நெஞ்சுக்கறி என்று கேட்டால் கடைக்காரரே எலும்பை எடுத்துக் கொடுத்துவிடுவார்.