வால்வைத் திருப்பின கை: சேலம் நகராட்சி, 1917

தீர்த்தமலை ஏறியிருக்கீங்களா? அரூர் பக்கம். மேல போனா பாறையிலிருந்து ராமர் தீர்த்தம் மெல்லிசா விழுந்துட்டே இருக்கும். குமார, கௌரி, அகத்திய, அக்னி தீர்த்தங்களும் உண்டு. அந்தத் தண்ணிய யாரும் திறந்துவிட வேண்டாம். கீழ ஊருக்குள்ள வந்தா கதை வேற. அங்க தண்ணின்னா தொட்டி, குழாய், வால்வு, அந்த வால்வைத் திருப்ப ஒரு ஆள். இன்னைக்கு எபிசோட் அந்த ஆளைப் பத்திதான்.

1965 அக்டோபர் 2 வரைக்கும் தருமபுரின்னு தனி மாவட்டமே கிடையாது, எல்லாம் சேலம் ஜில்லா. அதனால நம்ம பக்கத்து உள்ளாட்சி வரலாறு சேலம் நகராட்சியிலதான் ஆரம்பிக்குது. அங்க கவுன்சிலர் பதவிங்கிறது சும்மா இல்லை. 1882ல் உறுப்பினரான வக்கீல் விஜயராகவாச்சாரியார் கதையே போதும். அதே வருஷம் சேலத்துல கலவரம். தூண்டிவிட்டார்னு அவருக்குப் பத்து வருஷத் தண்டனை. மேல்முறையீட்டில் விடுதலையாகி வெளிய வந்தா, கவுன்சிலர் பதவி பறிபோயிருந்தது. மனுஷன் விடலை. அரசாங்கத்து மேலேயே வழக்குப் போட்டு பதவியையும் வாங்கினார், 100 ரூபாய் நஷ்ட ஈடும் வாங்கினார். ஒரு வார்டு மெம்பர் பதவிக்கு இவ்வளவு போராட்டமான்னு முதல்ல படிச்சப்போ சிரிப்பு வந்தது. அப்புறம் வரலை.

அதே ஊர்ல அடுத்த தலைமுறை வக்கீல் ராஜாஜி. ஓசூர் பக்கம் தொரப்பள்ளியில் 1878ல் பிறந்தவர். 1900 வாக்கில் சேலத்தில் வக்கீல் தொழிலைத் தொடங்கினார். 1911ல் நகராட்சி உறுப்பினர், 1917 முதல் 1919 வரை தலைவர். ராஜாஜின்னா நம்ம வயசு ஆளுங்களுக்கு 1953 கல்வித் திட்டம்தான் ஞாபகம் வரும். அந்தக் கோபம் நியாயமானது, அதை நான் துடைக்க வரலை. ஆனா அதுக்கு 36 வருஷம் முன்னாடி அவர் செஞ்ச ஒரு வேலை இருக்கு.

நகராட்சியில் தண்ணி திறந்துவிடுறதுக்குன்னு ஊழியர்கள் உண்டு. அப்படி ஒரு தலித் ஊழியரை அக்ரஹாரப் பகுதி வேலைக்குப் போட்டார் ராஜாஜி. ஐயங்கார் வீட்டுப் பிள்ளை, அதே அக்ரஹாரத்து மனுஷங்க நடுவுல வாழ்றவர். எதிர்ப்பு கிளம்பியது. எதை எதிர்த்தாங்கன்னு கொஞ்சம் யோசிங்க. அந்த ஊழியர் வீட்டுக்குள்ள வரலை, குடத்தைத் தொடலை. இரும்புத் திருகைத் தொட்டார், அவ்வளவுதான். தண்ணி அவர் கைக்கு எட்டாத குழாய்க்குள்ள போயிட்டிருக்கு. அப்போ பிரச்சனை தண்ணியில இல்லை. தெருவுக்குள்ள அவர் அதிகாரத்தோட நடந்து வர்றதுலதான். இன்னைக்கு எப்போ தண்ணி விடணும், எவ்வளவு நேரம் விடணும்னு அவர் கை முடிவு பண்ணுது. எங்க வேலையில சொல்றதா இருந்தா, அட்மின் ஆக்சஸ் யார்கிட்ட இருக்குங்கிற சண்டை. தலைவர் உத்தரவை மாத்தலை.

சேலம் நகராட்சிக்கு முதல் தலித் உறுப்பினர் தேர்வாகவும் அவர் காரணமா இருந்தார். வால்வு பக்கம் ஒருத்தர், மன்றத்துக்குள்ள ஒருத்தர். ரெண்டுல எது அன்னைக்குப் பெரிய அதிர்ச்சியா இருந்திருக்கும்? என் கணக்குல வால்வுதான். மன்றத்தை மாசத்துக்கு ஒரு நாள் பார்ப்பாங்க, தண்ணியோ தினமும் வருது.

இன்னொரு சுவாரசியம். கிட்டத்தட்ட அதே சமயத்துல பக்கத்து ஈரோட்டுல நகராட்சித் தலைவர் யாரு? பெரியார். அவரும் குடிநீர்த் திட்டத்துல மும்முரமா இருந்தார். காங்கிரஸ் ரெண்டு பேரையும் பெரிய அரசியலுக்கு இழுத்தது. 1919ல் ராஜாஜி சேலத்தை விட்டு சென்னைக்குக் குடிபோனார். பின்னாடி ரெண்டு பேரும் எதிரெதிர் பக்கம் நின்னதும், கடைசி வரைக்கும் நண்பர்களா இருந்ததும் தனி எபிசோடுக்கான விஷயம்.

நம்ம பக்கம் திரும்புவோம். தருமபுரி நிலத்தடி நீர்ல ஃபுளோரைடு அதிகம். பல்லு காவியேறும், ரொம்ப நாள் குடிச்சா எலும்பும் வளையும். அதுக்குத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம். ஜப்பான் கடன் உதவியோட, 1,928.80 கோடி ரூபாய் மதிப்பீடு. 2008ல் அடிக்கல், 2013ல் தொடக்கம். காவிரி இப்போ குழாய்ல ஏறி தருமபுரி, கிருஷ்ணகிரி கிராமத் தொட்டிகளுக்கு வருது. பொறியியலா பார்த்தா அசத்தலான வேலை.

ஆனா அந்தத் தொட்டியிலிருந்து தெருவுக்கு? 2022 டிசம்பர்ல புதுக்கோட்டை வேங்கைவயல்ல, தலித் மக்கள் குடிக்கிற மேல்நிலைத் தொட்டியில மலம் கலந்தது தெரியவந்தது. சேலத்துல அந்த வால்வு திருப்பப்பட்டு நூறு வருஷத்துக்கும் மேல ஆயிருந்தது.

அடுத்த தடவை உங்க ஊருக்குப் போனா டேங்க் ஆபரேட்டர்கிட்ட கொஞ்சம் பேசிப் பாருங்க. எந்தத் தெருவுக்கு முதல்ல விடுறீங்கண்ணே, எந்தத் தெருவுக்குக் கடைசியில, அந்த வரிசையை யார் போட்டதுன்னு கேளுங்க. பதிலை எனக்கு வாய்ஸ் நோட்டா அனுப்புங்க.